அடுப்படி மேடைக் கல்லைப் பார்த்துக்கொள்வது

கிரானைட் மேடை மங்கிப்போன வீட்டில் காரணம் தேட அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. ஸிங்க்குக்கு அடியில் அடுக்கியிருக்கும் பாட்டில்களைப் பார்த்தால் போதும். பாத்ரூம் ஆசிட், பாத்திரம் விளக்கும் பவுடர், கம்பி நார், பளபளப்புக்கென்று வாங்கிய மெழுகு என்று நான்கைந்து இருக்கும். பொங்கி வழிந்த குழம்பையும் கொட்டிய புளித்தண்ணீரையும் தாங்கிய கல் இவற்றைத் தாங்குவதில்லை. சமையலால் கெடும் மேடைகளைவிடச் சுத்தம் செய்வதால் கெடும் மேடைகளே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்த அத்தியாயத்தில் எதைச் செய்யலாம் என்பதோடு எதைச் செய்யவே கூடாது என்பதும் நிறைய வரும்.

இன்னொன்று, நம் ஊர்ப் பொருட்கள். சின்னமனூர், கம்பம் பக்கத்து வாழை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, செக்கில் ஆட்டிய எண்ணெய், புளி, மஞ்சள், உப்புப் படியும் போர் தண்ணீர், ஆடிக் காற்றில் வரும் மண். தேனி மாவட்டத்து அடுப்படிக் கல் நாள்தோறும் பார்ப்பது இவற்றைத்தான். வெளிநாட்டுக் கையேடுகள் ஒயின் கறைக்குப் பக்கம் பக்கமாக வழி சொல்லும். வாழைக்கறைக்கு ஒரு வரிகூட இருக்காது.

உங்கள் மேடை எந்தக் கல்?

கடையில் கிரானைட் என்ற ஒரே பெயரில் விற்கும் பலகைகளில் பல, புவியியலார் சொல்லும் கிரானைட் அல்ல. கறுப்பில் பொன்புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியில் வெட்டுகிற கேப்ரோ வகைப் பாறை. டேன் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்துக் கல். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரைக் கேட்டு இமயமலை வரை போக வேண்டாம். நம் பக்கத்து மதுரை மாவட்டத்துப் பாறைதான் அந்தப் பெயரில் உலகமெல்லாம் போனது. அதன் வெள்ளையில் தெறித்திருக்கும் கருஞ்சிவப்புப் பொட்டுகள் கார்னெட் என்ற கனிமம்.

பெயர்களைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. அடர்த்தியான கறுப்பு வகைகளில் தண்ணீரும் எண்ணெயும் இறங்க இடம் மிகக் குறைவு. வெளிர் வகைகளில், அதிலும் காஷ்மீர் ஒயிட் போன்றவற்றில், மணிகளுக்கிடையே நுண்ணிய சந்துகள் அதிகம். கட்டடக் கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தர விதி. கேட்க அற்பமான அளவுதான். ஆனால் எண்ணெய்த் தூக்கின் அடிவட்டம் வெள்ளைக் கல்லில் பதிந்து நிற்க அது தாராளமாகப் போதும்.

கல்லைப் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்துக்கு அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க விஞ்ஞானிகள் இடம் தேர்ந்ததற்குக் காரணமே அந்த மலையின் பாறைதான். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டம் மக்கள் எதிர்ப்பில் நின்றுபோனது தனிக் கதை. அங்கே இருப்பது சார்னோகைட் என்ற மிக உறுதியான கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் சூட்டிய பெயர் அது. அந்தக் கல்லறைக் கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான்.

இப்படிப்பட்ட கருங்கல்லில் அடித்த அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தலைமுறைகளாகப் புழங்கியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. அம்மிக்குச் சொரசொரப்பு வேண்டும், மழுங்கினால் உளி வைத்துக் கொத்தித் தருவார்கள், தேயத் தேயத்தான் அது வேலை செய்கிறது. மேடையின் மதிப்பு முழுக்க அதன் மேல்தோலில் இருக்கிற மெருகில். தேய்த்தால் சுத்தமாகும் என்ற எண்ணம் அங்கே செல்லாது.

கடப்பாக் கல்லைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய வீடுகளில் மேடையே கடப்பாவாக இருக்கும். புது வீடுகளில் மேலே கிரானைட்டும் கீழ்த் தட்டுகளில் கடப்பாவும் இருக்கும். கடப்பா சுண்ணாம்புப் பாறை. எலுமிச்சை, புளி, வினிகர், மோர் எது பட்டாலும் அதன் மெருகு கரைந்து வெளுத்த தடம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது, ஏனென்றால் அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட இடம். உங்களுடையது எது என்று சந்தேகம் இருந்தால், மேடையின் அடிவிளிம்பில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கலான தடம் தெரிந்தால் அது கடப்பாவோ மார்பிளோ. தடம் இல்லையென்றால் கிரானைட் குடும்பம். இப்போது பரவலாக வரும் குவார்ட்ஸ் பலகையும் நானோ ஒயிட்டும் தொழிற்சாலையில் செய்தவை. அவற்றுக்கு இந்த அத்தியாயம் முழுதாகப் பொருந்தாது. குறிப்பாக, குவார்ட்ஸ் பலகையில் கல்தூளைப் பிணைப்பது பிசின் என்பதால் சூடான பாத்திரம் அதன் எதிரி.

கறுப்புக் கல் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பது உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அழிக்கும் திரவம், தொட்டுக் கல்லில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அந்தக் கல் வேண்டாம். வீட்டில் பதித்த பிறகு அது அங்கங்கே சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். எந்தப் பராமரிப்பும் அதை நிறுத்தாது.

கல் பதிக்கும் நாளில் ஒன்றை மறக்காதீர்கள். ஸிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டு, விளிம்பில் மிஞ்சிய துண்டு இரண்டும் காசு கொடுத்து வாங்கிய உங்கள் கல். கேட்டு வாங்கி மாடியிலோ பரணிலோ போட்டு வையுங்கள். எந்தப் புதுத் திரவத்தையும் எந்தக் கறைவைத்தியத்தையும் முதலில் அந்தத் துண்டில் செய்து பார்க்கலாம். பின்னால் ஒரு மூலை உடைந்தால் நிறம் பொருத்தவும் அதுதான் உதவும். கட்டி முடித்த வீட்டுக்குக் குடிபோனவர்கள், சிலிண்டருக்கு மேலே மறைவாக இருக்கும் ஓரத்தைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் செய்வது

ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. அதில் மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து மேடையைத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை. கடைசியாக உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். தினப்படி வேலை இவ்வளவுதான்.

பலர் விட்டுவிடுவது அந்தக் கடைசி உலர்துடைப்பை. நம் பகுதியில் குடிக்க ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் ஏனம் கழுவப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அது மேடையில் தேங்கித் தானாக உலரும்போது தண்ணீர் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கல்லிலேயே தங்கிவிடும். குழாயடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும் வளையம் அதுதான். ஆசிட்டைத் தேடிப் போக வைப்பதும் அந்த வளையம்தான். இரவு கடைசி ஏனம் கழுவியதும் ஸிங்க் ஓரத்தை உலர்த்துகிற வீட்டில் அந்தத் தேவையே வராது. ஏற்கெனவே படிந்திருந்தால், புதுச் சவர பிளேடைக் கல்லோடு படுக்கையாக வைத்து மெல்லச் சுரண்டுங்கள். கிரானைட்டின் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. பிளேடின் எஃகு அதற்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்புப் படிவு வெறும் 3. கல்லில் கீறல் விழாமல் படிவு மட்டும் உரிந்து வரும். கடப்பாவில் இதைச் செய்யக் கூடாது; அதுவும் 3-தான்.

பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி மேடைக்கு வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் மாவுப் பொருள் ஏனத்தில் பிசுக்கு எடுக்க உதவும். கல்லில் மெல்லிய ஏடாகப் படிந்து நாளடைவில் மங்கலாகத் தெரியும். விளக்கும் பவுடர், கம்பி நார், பச்சை நிறச் சொரசொரப்பு நார் ஆகியவையும் கூடாது. அந்தப் பச்சை நாரில் தேய்ப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். ஒரு நாள் தேய்த்தால் ஒன்றும் தெரியாது. தினமும் அதே இடத்தில், பெரும்பாலும் அடுப்புக்கு முன்னால், தேய்த்தால் அந்த இடம் மட்டும் ஒளி மங்கித் தனியாகத் தெரியும்.

பாத்ரூம் ஆசிட் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிரானைட்டின் குவார்ட்ஸை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லில் இருக்கும் இரும்புள்ள கனிமங்களைத் தின்று, வெளிர்க் கல்லில் துருமஞ்சளாகப் பூக்க வைக்கும். ஜாயிண்டில் இருக்கும் வெள்ளைச் சிமெண்டை அரித்துவிடும். கீழே கடப்பாத் தட்டு இருந்தால் வழிகிற ஒவ்வொரு சொட்டும் அதில் பள்ளம் பறிக்கும். சமைக்கிற இடத்தில் அதன் புகையை மூச்சில் இழுப்பது வேறு. துருநீக்கி என்று விற்பவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது குவார்ட்ஸையே கரைக்கும். தோலில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும். அதை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது.

தேங்காய் எண்ணெய் தொட்டு மேடையைத் துடைத்துப் பளபளப்பு ஏற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்று மின்னும். இரண்டு நாளில் தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும், பிறகு சிக்குவாடை வரும். வெளிர்க் கல்லாக இருந்தால் அந்த எண்ணெயே கறையாக இறங்கிவிடும். நல்ல மெருகுள்ள கல்லுக்கு எண்ணெயும் தேவையில்லை, மெழுகும் தேவையில்லை.

கறி, மீன் நறுக்கிய பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்து, சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி துடைத்து உலர்த்தினால் போதும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

ஆடிக் காற்று

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மலைக் கணவாய்கள் வழியாக இறங்குகிற மேல்காற்று நம் பள்ளத்தாக்கில் எப்படி வீசும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. சன்னலைச் சாத்தினாலும் மேடையில் மெல்லிய மண் படியும். அந்த மண்ணில் குவார்ட்ஸ் துகள் நிறைய. உங்கள் மேடைக் கல்லுக்குச் சமமான கடினம் அதற்கு உண்டு. கல்லில் உள்ள மென்மையான கனிமங்களைவிட அதிகம்.

ஆகவே இந்த மாதங்களில் காய்ந்த துணியை மேடையில் வைத்துத் தேய்க்கக் கூடாது. அது மெருகின் மேல் உப்புத்தாள் இழுப்பதுதான். முதலில் நன்றாக நனைத்த துணியை ஒத்தி மண்ணை எடுங்கள். துணியை அலசுங்கள். பிறகுதான் சோப்புத் தண்ணீரும் உலர்துணியும். அடுப்பையும் மிக்ஸியையும் இழுத்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். கால்களுக்கு அடியில் சிக்கிய ஒரு மணல் போதும், இழுக்கிற நீளத்துக்குக் கோடு விழ. இடிகல்லையோ சின்ன அம்மியையோ மேடையில் வைத்துப் புழங்குகிறவர்கள் அடியில் ரப்பர் விரிப்போ மடித்த சாக்கோ போடுங்கள். கல்லும் கல்லும் நேராக உரசினால் மெருகுள்ள கல்தான் தோற்கும்.

கறைகள்

எதற்கும் முதல் விதி, கொட்டியதை அப்போதே ஒத்தி எடுப்பது. தேய்த்தால் பரவும், ஒத்தினால் துணிக்கு வரும்.

வாழையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வாழைக்காய், வாழைப்பூ, தண்டு, தாரின் காம்பு எதை நறுக்கினாலும் வடிகிற பால் முதலில் நிறமே இல்லாமல் இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் அதிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் பழுப்பாக மாறும். மேடையில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் கறை நிற்பது இதனால்தான். வெஞ்சனத்துக்கு வாழைப்பூ ஆய்கிறபோது, கறை கண்ணில் படுகிறதோ இல்லையோ, வேலை முடிந்த உடனே மேடையைத் துடைத்துவிடுங்கள். பால் பிசுபிசுப்பானது, தண்ணீருக்கு முழுதாக இளகாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிற நம் வழக்கத்தையே மேடைக்கும் நீட்டலாம். சில சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் அந்த எண்ணெயையும் எடுத்துவிடுங்கள். பலாப்பழப் பிசினுக்கும் மாங்காய்ப் பாலுக்கும் இதே வழிதான். எல்லாவற்றையும்விட நல்லது, பழைய செய்தித்தாளையோ ஒரு தாம்பாளத்தையோ விரித்து அதன் மேல் நறுக்குவது. தார் வந்தால் மேடையில் சாய்த்து வைக்காதீர்கள். கொக்கியில் மாட்டுங்கள், அல்லது தரையில் சாக்கு விரித்து வையுங்கள்.

ஏற்கெனவே பழுப்பாகிப்போன வாழைக்கறைக்கும், டீ, காபி, திராட்சைக் கறைகளுக்கும் பத்து போடுவதுதான் வைத்தியம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் மைதா மாவையோ முகப் பவுடரையோ வடைமாவுப் பதத்துக்குக் குழைத்துக் கறையின் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பூச வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பத்து தானாகக் காயும் வரை தொடாதீர்கள். காய்கிறபோதுதான் அது கல்லுக்குள் இருப்பதை மேலே இழுக்கிறது. காய்ந்ததை மரக்கரண்டியால் தள்ளி எடுத்துக் கழுவுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். ஒரு தடவையில் போகவில்லையே என்று ஆசிட்டுக்குப் போய்விடாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழைத்ததில் மிச்சத்தை மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். கறுப்புக் கல்லில் பெராக்சைடு போடுவதற்கு முன் துண்டில் சோதித்தே ஆக வேண்டும். சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் வெளுத்துவிடும்.

எண்ணெய்க் கறைக்கு வேறு பத்து. ஆப்ப சோடாவை வெறும் தண்ணீரில் அதே பதத்தில் குழைத்து அதே முறையில் போடுங்கள். எண்ணெய்க் கறை வெளிர்க் கல்லில் ஈரம் காயாத இடம் போல் கறுத்துத் தெரியும். ஈரமா எண்ணெயா என்று தெரியாவிட்டால் ஒரு நாள் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் வைத்துப் பாருங்கள். ஈரம் காய்ந்துவிடும், எண்ணெய் அப்படியே நிற்கும். கடலை எண்ணெய்த் தூக்கு, நல்லெண்ணெய்ப் புட்டி, எண்ணெய்க் கரண்டி எதற்கும் அடியில் ஒரு தட்டு வைக்கிற பழக்கம் இந்த வேலையையே மிச்சமாக்கும்.

மஞ்சளும் பன்னீர் திராட்சையும் சோப்புப் பட்டதும் நிறம் மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மஞ்சளின் நிறப்பொருள் சோப்பு, சோடா போன்ற காரப் பொருட்கள் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்வதன் சூட்சுமமே அதுதான். கருந்திராட்சையின் நிறப்பொருள் காரத்தில் நீலமாகும். கல் கெட்டுவிடவில்லை, துடைத்துக்கொண்டே இருங்கள். திராட்சை ஜூஸ் பிழிகிற நாளில் முதல் துடைப்பை வெறும் தண்ணீரில் செய்தால் அந்த நீலமே வராது. மஞ்சளின் மெல்லிய சாயல் மிஞ்சினால், சன்னல் வெயில் படுகிற இடமாக இருந்தால், சில நாளில் வெளிச்சத்திலேயே மங்கிவிடும். வெயில் படாத மூலைக்குப் பெராக்சைடுப் பத்து.

ஆயுத பூஜைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் அடுப்புக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிறோம். மேடைக்கும் வைக்கிற வீடுகள் உண்டு. சாயம் சேர்த்த கடைக் குங்குமம் வெள்ளைக் கல்லில் இறங்கினால் எடுப்பது கடினம். கல்லில் முதலில் சந்தனம் இட்டு அதன் மேல் குங்குமம் வையுங்கள். விளக்கை ஒரு தட்டில் ஏற்றி வையுங்கள். திரியிலிருந்து வழிகிற எண்ணெய் இராமுழுக்க அதே இடத்தில் நின்று இறங்கும்.

இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு மேடையில் வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் துரு வட்டம் இருக்கும். புதிதாக இருந்தால் சோப்பும் பிளேடும் போதும். உள்ளே இறங்கிய துருவுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் சொல்ல மாட்டேன். கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுங்கள்.

சீலர் வேண்டுமா?

இதற்குக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், கல்லையே கேளுங்கள். அடுப்படி ஓரம், ஸிங்க் ஓரம், புழங்காத மூலை என மூன்று இடத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் வீதம் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து துடையுங்கள். நனைந்த இடம் கறுக்காமல் இருந்தால் சீலர் வேண்டாம். அடர்ந்த கறுப்பு வகைகள் பலவற்றுக்கு எப்போதுமே வேண்டியிருக்காது. பூசினால் உள்ளே இறங்க வழியின்றி மேலே மங்கல் படலமாக நிற்கும். நனைந்த இடம் கறுத்துப்போனால் ஊடுருவும் வகை சீலர் ஒரு தடவை பூச வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்று நாள்காட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை இந்தத் தண்ணீர்ச் சோதனை போதும்.

பூசுவதற்குத் தை, மாசி நல்ல காலம். காற்று அடங்கியிருக்கும், கல்லும் நன்றாகக் காய்ந்திருக்கும். மேடையைக் கழுவி ஒரு முழு நாள் உலர விடுங்கள். சீலரைத் துணியால் மெல்லப் பரப்பி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடிந்ததும், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம், மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுங்கள். பிறகு ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல சீலர்களில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கிறது. அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். பூஜை விளக்கும் எரியக் கூடாது. சீலர் பூசிய கல்லில் கறையே படியாது என்றும் நினைக்க வேண்டாம். துடைக்க உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தருகிறது, அவ்வளவுதான்.

சூடும் பாரமும்

குவார்ட்ஸின் கட்டமைப்பு மாறுவது 573 டிகிரி செல்சியஸில். பொரிக்கிற எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டுவதே அரிது. எனவே இறக்கிய குழம்புச் சட்டியைக் கல் தாங்கும். தாங்காதவை வேறு. வெளிர்ப் பலகைகள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே நுண்சந்துகளில் எபாக்சிப் பிசின் ஏற்றியிருப்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சூடு பட்டால் அது மஞ்சளிக்கும். ஜாயிண்டில் இருக்கும் பசை இளகும். சூடாக இருக்கிற கல்லில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால், ஏற்கெனவே நுண்ணிய விரிசல் உள்ள இடம் பிளக்கலாம். ஒரு பிரிமனை வைத்தால் இந்தக் கவலை எதுவுமில்லை.

கல்லை உடைப்பது பெரும்பாலும் பாரமும் அடியும். போகிக்கு முன்னால் பரண் ஒழிக்க மேடை மேல் ஏறி நிற்காத வீடு நம் ஊரில் உண்டா? ஸிங்க்குக்கும் ஹாப் அடுப்புக்கும் வெட்டிய ஓட்டையின் முன்னும் பின்னும் கல் நான்கைந்து விரல் அகலத்துக்குத்தான் மிஞ்சியிருக்கும். அங்கே கால் வைத்தால் ஒரு ஆளின் முழு எடையும் அந்தக் குறுகிய பட்டையில் இறங்கும். ஏணி வாங்கிவிடுங்கள், கல்லுக்காக மட்டும் சொல்லவில்லை, விழுந்தால் இடுப்பெலும்பு. மேடை விளிம்பில் தேங்காய் உடைக்க வேண்டாம். பூண்டும் மிளகும் தட்டுகிற இடிகல்லைக் கீழே தாங்குசுவர் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள்.

கோடு தெரிந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் பெரும்பாலும் அது கல்லோடு பிறந்த ரேகை, விட்டுவிடலாம். நகம் சிக்கினால் விரிசல். அழுக்கும் எண்ணெயும் உள்ளே போவதற்கு முன் நிறம் சேர்த்த எபாக்சியால் அடைத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே கறுத்துவிடும், பிறகு அடைத்தாலும் கறுப்புக் கோடாகவே தெரியும். ஸிங்க்கைச் சுற்றியுள்ள சிலிக்கான் பூச்சு உரிந்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். அந்தச் சந்தில் இறங்குகிற தண்ணீர்தான் கீழ் அலமாரியின் பலகையை ஊத வைத்துக் கரப்பானுக்கும் இடம் தருகிறது.

பாலிஷ் போட ஆள் வரும்போது

மங்கல் எல்லாம் தேய்மானமாக இருக்காது. ஒரு சாண் இடத்தைச் சூடான சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, பிளேடால் படுக்கையாகச் சுரண்டிப் பாருங்கள். அங்கே மட்டும் பளிச்சென்று வந்தால் படிந்திருப்பது சோப்பும் மெழுகும்தான். மேடை முழுவதையும் அப்படியே நீங்களே எடுத்துவிடலாம், செலவு மிச்சம். சுரண்டியும் மங்கலாகவே இருந்தால் மெருகு போய்விட்டது. வைரத்தூள் பதித்த வட்டுகளைச் சொரசொரப்பிலிருந்து நைசு வரை வரிசையாக மாற்றி மாற்றித் தேய்த்துத்தான் அது திரும்ப வரும். ஒரே வட்டில் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவர் மெழுகு பூசிவிட்டுப் போகப் போகிறார்.

அந்த வேலையைக் கட்டாயம் தண்ணீர் விட்டுத்தான் செய்யச் சொல்லுங்கள். காய்ந்த கல்லில் மெஷின் ஓடும்போது பறக்கும் வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகின்றன. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கல் அறுக்கிறவர்களும் பாலிஷ் போடுகிறவர்களும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அந்த நுண்துகளைத் துண்டு தடுக்காது. என்-95 முகமூடி சில பத்து ரூபாய். வருகிறவருக்கும் அவருடைய கையாளுக்கும் சேர்த்து நீங்களே வாங்கி வைத்திருங்கள், போட்ட பிறகே மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். புது வீட்டில் கல் அறுக்கும்போதும் இதேதான். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அறுக்கச் சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. நம் மேடை மின்னுவதற்காக இன்னொருவர் மூச்சு போகக் கூடாது. நூறு ரூபாய்க்கும் குறைவான செலவில் தடுக்கக்கூடியதை நாம் தடுக்காமல் இருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. குழந்தைகளையும் பெரியவர்களையும் அன்று அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். ஏனங்களையும் மாவு டப்பாக்களையும் முந்தின நாளே அப்புறப்படுத்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மேடையில் சாம்பல் நிறச் சேறு நிறைய நிற்கும். அதை ஸிங்க்கில் தள்ளிவிடத்தான் எல்லோருக்கும் கை போகும். கல்தூள் குழாயின் வளைவில் தங்கி இறுகி அடைத்துக்கொள்ளும். ஸிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, சேற்றை வழித்து ஒரு பழைய வாளியில் சேருங்கள். ஓரிரு நாளில் தூள் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதை ஈரமாக இருக்கும்போதே சாக்கில் கட்டிக் கட்டடக் கழிவோடு அனுப்பிவிடுங்கள். காய விட்டால் அதுவும் பறக்கும்.